பட்டியலில் நான்காவது வேலை

மார்ச் 3, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. எனக்கு நல்ல செய்தி. வெயில் ஏற ஏற போன் அடிக்கும்.

நாலு ஏசி சர்வீஸ். பல் டாக்டர் கிளினிக் ஒன்று, நகைக்கடையில் இரண்டு, தேவிகாபுரம் ரோட்டில் ஒரு வீடு. அந்த வீட்டு அவுட்டோர் யூனிட்டுக்குள் பல்லி போய்க் கருகி, போர்டு காலி. புது போர்டு போட வேண்டும் என்றேன். வீட்டுக்காரருக்கு அது கவலை இல்லை. பல்லி எந்தப் பக்கமாக விழுந்திருந்தது என்று கேட்டார், பலன் பார்க்க. கிழக்கு என்று சொல்லி வைத்தேன்.

மதியம் ரிஜிஸ்டர் தபால். மின் ஒப்பந்ததாரர் உரிமம் கேட்டுப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில்! 13-ம் தேதி வியாழன் அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். கடை, கருவிகள், ஆட்கள், அதோடு நான் கொடுத்த பட்டியலில் ஒரு வேலை. எந்த வேலை என்றும் எழுதியிருக்கிறார்கள். வரிசை எண் 4.

நாலு, லட்சுமி வீடு. சிரித்துவிட்டேன். பத்து வேலையில் அவர்களுக்கு அதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. படாமல் இருக்குமா, "பட்டுத் தறி உள்ள கூடத்தில் குளிர்சாதனம்" என்று நானே பெரிதாக எழுதினேன். ஆரணியில் தறிக்கூடத்தில் ஏசி மாட்டியது நான் ஒருத்திதான்.

எனக்குப் பிடித்த வேலையும் அதுதான். ஒரு கத்திரி வெயிலில் லட்சுமியின் மகள் பிரசவத்துக்கு வந்தாள். பிறந்த குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் போனில் அழுதால் சும்மா இருக்க முடியுமா? ஒரே நாளில் மாட்டிக் கொடுத்தேன். மூன்று வருஷம் ஓடிவிட்டது. வருஷா வருஷம் பிப்ரவரியில் நானே போய் ஃபில்டர் கழற்றிப் பார்க்கிறேன். தூசியே இருக்காது. நூலும் பஞ்சும் பறக்கும் வீட்டில் அவ்வளவு சுத்தமான ஃபில்டர். லட்சுமி துடைப்பாள் போல. அவளைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

சாமுவேலிடம் தபாலைக் காட்டினேன். என் வீட்டுக்காரர் களம்பூர் ரைஸ் மில்லில் மேனேஜர், எதையும் இரண்டு முறை படிப்பார். படித்துவிட்டு "ஒண்ணும் பயமில்லையே" என்றார். எனக்கென்ன பயம்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். சாயங்காலம் ஆராதனை. ஈஸ்டர் வரை லெந்து விரதம், நாற்பது நாளுக்கு சாமுவேல் டீயை விட்டுவிட்டார். முதல் நாளே முகம் உர்ர்.

நான் விட்டது பெருமையடிப்பதை. போதகரிடம் சொன்னேன். கஷ்டமாச்சே அம்மா என்றார்.

ஃபைலில் வைத்தவை, சரிபார்த்தது:
என் சூப்பர்வைசர் சான்று (இரண்டாவது முறை எழுதித்தான் பாஸ், அது ஊருக்குத் தெரியாது).
என்னோடு வேலை செய்யும் குமரேசன் அண்ணனின் வயர்மேன் சான்று. லேமினேட் செய்யச் சொன்னேன், செய்து, ஓரத்தில் முருகன் படமும் சேர்த்து லேமினேட் ஆகிவிட்டது.
நகராட்சித் தொழில் உரிமம். ஜி.எஸ்.டி. கடை வாடகை ஒப்பந்தம்.
மெக்கர், எர்த் டெஸ்டர், டாங் டெஸ்டர், மூன்று அளவுக் கருவியும் சரியாகக் காட்டுகின்றன என்ற சான்று.
பத்து வேலைப் பட்டியல், வேலூர்க்காரர் கையெழுத்தோடு.

வேலூர்க்காரர் பற்றி ஒரு வரி, பிறகு படிக்கும்போது எனக்கே ஞாபகம் வர. ஏசி மாட்டுவதற்கென்று இங்கே தனி லைசென்ஸ் கிடையாது. ஸ்பேனர் பிடிப்பவன் எல்லாம் மாட்டலாம். ஆனால் பெரிய இடம் என்றால் கூடுதல் லோடு வேண்டும். அதற்கு ஈ.பி.யில் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்பார்கள். அதில் உரிமம் உள்ள மின் ஒப்பந்ததாரர் கையெழுத்து இருக்க வேண்டும். பதினோரு வருஷமாக வெயிலில் நின்று பைப் இழுப்பது நான், எர்த் அளப்பது நான், கையெழுத்து மட்டும் வேலூர்க்காரர். வந்து எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். வெள்ளைத் தாளை நீட்டினாலும் போடுவார். என் பத்து வேலைப் பட்டியலிலும் அப்படியே போட்டார். லட்சுமி வீட்டு வேலைக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டே கொடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ. எனக்கு ஒன்பதுதான் இருந்தது, பத்து ஆக்க அதையும் சேர்த்தேன், தேதி வரிசையில் நாலாவதாக.

இனி அந்தக் கட்டத்தில் என் பெயர். எஸ். ஸ்டெல்லா. நேற்று பின்பக்கத் தாளில் ஆறு முறை போட்டுப் பார்த்தேன். ஐந்தாவது நன்றாக இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

புது பட்டு ஷோரூம், மூன்று மாடி, அளவெடுத்தேன். ஊரிலேயே பெரிய வேலை. வாட்ச்மேன், மேஸ்திரி, கணக்குப்பிள்ளை மூன்று பேரும் கேட்டது: "சார் வரலியா?" மூன்று பேருக்கும் ஒரே பதில்: வந்துகினே இருக்கார், அதுக்குள்ள நான் முடிச்சிடுறேன்.

முதலாளி நல்ல மாதிரி. சித்திரையில் திறப்பு. மார்ச் கடைசிக்குள் சொந்த உரிமம் கையில் இருந்தால் வேலை எனக்கு என்றார். வேலூர்க்காரர் கையெழுத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. இப்படிக் கையெழுத்தை நம்பி முன்பே அடிபட்டவர். 13-ம் தேதி ஆய்வு, அதற்குப் பின் பத்து நாள் போதும் என்று சொன்னேன். ஆரணியில் என்னை விட்டால் ஆளில்லை என்றும் சொன்னேன்.

லெந்து விரதம் ஒரு நாள் தாங்கியது.

மார்ச் 8, சனி

என்ன எழுதுவது. கை ஓடவில்லை.

அதிகாரி வருமுன் நான்காவது வேலையை ஒரு முறை பார்த்துவிடலாம் என்று லட்சுமிக்குக் காலையில் போன் போட்டேன். பதினோரு மணிக்கு நானும் குமரேசன் அண்ணனும் போனோம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கூடம் ஜில். வரதன் அண்ணன், லட்சுமி வீட்டுக்காரர், தறிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், நெய்யவில்லை. காபி வந்தது. ஃபில்டர் கழற்றினேன், கண்ணாடி மாதிரி. குமரேசன் அண்ணனிடம் காட்டிப் பெருமையடித்தேன் (இரண்டாவது முறை).

பிறகு அண்ணன் போர்டு மூடியைக் கழற்றினார். தலையைச் சொறிந்தார்.

"ஸ்டெல்லாம்மா, இத கொஞ்சம் பாரு. லைன் தறி மீட்டர்லேந்து வருது."

பார்த்தேன். தறி மீட்டரிலிருந்துதான். அந்த வீட்டில் நெசவு வீடுகள் எல்லாவற்றையும் போல இரண்டு மீட்டர். ஒன்று வீட்டுக்கு. மற்றொன்று தறிக்கு, அரசு சலுகையில் இலவச யூனிட். தறி மீட்டரில் தறி விளக்கும், டிசைன் போடும் ஜக்கார்டு மோட்டாரும்தான் ஓடலாம். வேறு எது ஓடினாலும் தப்பு. சலுகையே போகும், அபராதமும் வரும்.

யார் இப்படி இழுத்தது என்று கேட்க வாயெடுத்தேன். ஒயரில் டேப் சுற்றி, டேப்பில் மார்க்கர் பேனாவால் தேதி. எந்த ஒயர் இழுத்தாலும் தேதி போடுவது என் வழக்கம். என் கையெழுத்து. ஏழுக்கு நடுவில் கோடு போடுகிறவள் ஊரில் நான்தான்.

ஞாபகம் வந்துவிட்டது. வீட்டு மீட்டரிலிருந்து வந்த ஒயர் மெலிசு, ஏசி போட்டதும் டிரிப். குழந்தை வீல் என்று கத்துகிறது. தறி போர்டு நாலு அடியில், கனத்த ஒயரோடு. ஒரே வீடு, ஒரே ஈ.பி., எதில் எடுத்தால் என்ன என்று எடுத்தேன். அப்புறம் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அப்புறம் மறந்தே போனேன். வருஷா வருஷம் போய் ஃபில்டரைப் பார்த்தேன், போர்டைத் திறக்கவில்லை.

லட்சுமியிடம் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனையில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. பாட்டு மட்டும் பாடினேன், சத்தமாக.

யோசித்தவை:
குமரேசன் அண்ணன் சொல்வது: வியாழன் ஒரு நாள் மட்டும் ஒயரை வீட்டு மீட்டருக்கு மாற்று, அதிகாரி போனதும் பார்த்துக்கலாம். பழைய ஒயர் வந்த ஓட்டைக்கு மேல் காலண்டர் மாட்டிடலாம், அவரிடம் பெரிய காலண்டர் இருக்கிறது. "ஜல்தியா பண்ணா அரை மணி வேலை" என்றார்.
வேலூர்க்காரர் சொல்வது: நாலாவதை அடித்துவிட்டு வேறு எழுது, கையெழுத்து போட்டுத் தர்றேன். ஆள் அசரவே இல்லை.
சாமுவேல்: டீ இல்லாமல் அவருக்கு மூளை ஓடாது.

எனக்குத் தோன்றுவது: அடிக்க முடியாது, கடிதத்தில் எண்ணே போட்டுக் கேட்டிருக்கிறார்கள். காலண்டர் மாட்டலாம். மாட்டினால் கட்டாயம் தப்பலாம் என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல வாய்ப்பு. கைவேலையில் என்னை யாரும் பிடித்ததில்லை.

பயம் என் உரிமத்துக்கு மட்டும் இல்லை. மாட்டிக்கொண்டால் மீட்டர் அவர்கள் பெயரில். தறிச் சலுகை போனால் வரதன் அண்ணன் வீட்டுக்கு எத்தனை பெரிய அடி என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 10, திங்கள்

ஈ.பி. பிரிவு அலுவலகம் போனேன். யார் வீடு என்று சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். வீட்டு மீட்டரில் ஏசி ஓட வேண்டுமென்றால் கூடுதல் லோடு விண்ணப்பம், புது ஒயர், டெஸ்ட் ரிப்போர்ட். ரிப்போர்ட்டில் உரிமம் உள்ள ஒப்பந்ததாரர் கையெழுத்து. அங்கிருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். வியாழனுக்குள் முடியுமா என்றதற்குச் சிரித்தார்.

அதாவது, இந்த வேலையைச் சரி செய்ய எனக்கு உரிமம் வேண்டும். உரிமம் கிடைக்க இந்த வேலை சரியாக இருக்க வேண்டும். வெளியே வந்து கரும்பு ஜூஸ் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

சாயங்காலம் அண்ணன் காலண்டரோடு வந்து நின்றார். அரிசி மண்டி காலண்டர், நிஜமாகவே பெரியது. சாமுவேல் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, போன வருஷத்ததாச்சே என்றார். வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

மதியம் மூன்று மணி. போன் போடாமல் லட்சுமி வீட்டுக்குப் போனேன். விஷயத்தை நேரில் சொல்லிவிட்டு, காலண்டரா வேறு வழியா என்று கேட்கலாம் என்று.

வாசலிலேயே தறிச் சத்தம். உள்ளே போனால் கூடம் வெந்நீர் அண்டா. ஏசி ஓடவில்லை. அதற்கு மேல் பழைய வேட்டி ஒன்று போர்த்தியிருக்கிறது. வேட்டிக்கு மேலே ஜரிகை அட்டைப் பெட்டி வரிசையாக அடுக்கியிருக்கிறது. தறிக் குழிக்குள் தண்ணீர் தெளித்து ஈரம். தறிக்குப் பின்னால் ஈரச் சாக்குகள் தொங்குகின்றன. வரதன் அண்ணன் வெற்றுடம்பாக உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கால் நின்றது. திருடனைப் போல முழித்தார், பாவம்.

லட்சுமி சமையலறையிலிருந்து ஓடி வந்து ரிமோட்டைத் தேடினாள். தேடித் தேடிக் கிடைக்கவில்லை. அது கொலு பொம்மைப் பெட்டியில் இருந்தது என்று அப்புறம் தெரிந்தது.

உட்காரவைத்துக் கேட்டேன். மெல்ல மெல்ல வந்தது. ஏசி போட்டால் காற்று காய்ந்துவிடுகிறது. காற்று காய்ந்தால் பாவு இழை மொறுமொறு என்று ஆகி அறுந்துகொண்டே இருக்கிறது. அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட்டே நாள் போய்விடும். மகள் குழந்தையோடு இருந்த இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டார்கள். அவள் ஊருக்குப் போன அன்றே அணைத்தது. அதற்குப் பிறகு இந்த ஏசி வருஷத்தில் ஒரு நாள் ஓடியிருக்கிறது, நான் சர்வீஸுக்கு வரும் நாள். நான் போன் போட்டதும் பெட்டிகளை இறக்கி, வேட்டியை எடுத்து, அரை மணி முன்னாலேயே போட்டு ஜில்லென்று ஆக்கிவைப்பார்கள். நான் போகும் வரை வரதன் அண்ணன் தறியில் உட்காரமாட்டார்.

ஃபில்டரில் ஏன் தூசி இல்லை என்று இப்போது தெரிகிறது.

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். லட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீ ஓடி வந்து ஆசையா மாட்டினடி. ஒவ்வொரு வாட்டி வரும்போதும் அத்த பாத்து அவ்ளோ சந்தோஷப்படுற. எப்பிடிடி சொல்றது?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கம் பாதி, அவள்மேல் பாசம் பாதி. நெசவுத் தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான். என் அம்மாவும் நூல் இழைத்தவள். பட்டு நூலுக்கு ஈரம் வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும். ஏசி மெக்கானிக் ஆன பிறகு பி.டி.யு.வும் டன்னும் மட்டும் கணக்குப் போட்டேன். கூடத்தில் குழந்தை ஒரு பக்கம் என்றால் தறி மறுபக்கம் என்பது கண்ணெதிரே இருந்தது.

அப்புறம் நான் என் முறைக்குச் சொன்னேன். தறி மீட்டர், ஒயர், வியாழன், அபராதம், சலுகை, காலண்டர். இரண்டு பேரும் கேட்டார்கள். லட்சுமி முகம் வெளுத்தது. வரதன் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தறியைப் பார்த்தார். மாட்டியிருப்பது முகூர்த்தப் புடவை, பாதிகூட ஆகவில்லை.

"காலண்டர் வேணாம்மா. ஒளிச்சா அது ஒரு பேஜாரு. தினிக்கும் அத்த பாத்துகினே நெய்யணும். ஆபீசர் வரட்டும், சொல்லிடு. நானும் கூட நிக்கிறேன்."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மார்ச் 12, புதன்

லட்சுமி வீட்டு ஏசியைக் கழற்றியாயிற்று, ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மதியத்துக்குள் முடிந்தது. கேஸைப் பத்திரமாக அவுட்டோருக்குள் இறக்கினோம். இன்டோர் கழற்றினோம். ஒயரைத் தறி போர்டு வரை உருவி எடுத்தேன், தேதி டேப்போடு. டேப்பைக் கிழிக்கவில்லை, ஃபைலில் ஒட்டிவைத்தேன். வேலை நடக்கும் நேரம் முழுக்கத் தறி ஓடியது. அதற்கு மட்டும் தனியாக லைன் விட்டோம், ஒரு இழைகூட அறுபடவில்லை. இதைப் பெருமை என்று சொன்னால் சொல்லட்டும்.

சுவரில் நாலு ஓட்டை. அண்ணன் சிமென்ட் குழைத்தார். வேண்டாம், அவர் பார்க்கட்டும் என்றேன். காலண்டரை லட்சுமியே சமையலறையில் மாட்டிக்கொண்டாள், படம் நன்றாக இருக்கிறதாம்.

சாமுவேல் இன்று டீ குடித்துவிட்டார். எனக்காக ஜெபம் பண்ண தெம்பு வேண்டுமாம்.

மார்ச் 13, வியாழன்

பத்தரைக்கு வந்தார். என் வயசுதான் இருக்கும், கையில் பழைய லெதர் பை, மூக்கில் கண்ணாடி. "ஒப்பந்ததாரர் யாருங்க?" என்று குமரேசன் அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் இரண்டு கையாலும் என்னைக் காட்டினார், கோயிலில் சாமியைக் காட்டுவதுபோல.

கடை, சரி. கருவிகள், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மெக்கரை என் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார். அளந்தேன். எர்த் டெஸ்டருக்கு எத்தனை கம்பி, எவ்வளவு தூரம் என்றார். சொன்னேன். கேட்காததையும் இரண்டு சொன்னேன். அண்ணன் சான்றிலிருந்த முருகனைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நன்றாகவே போனது. அவ்வளவு நன்றாகப் போனதில், சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட வேண்டும்.

லட்சுமி வீடு. வரதன் அண்ணன் சட்டை போட்டு, தலை சீவி நின்றார். அதிகாரி சுவரைப் பார்த்தார். நாலு ஓட்டை, வெள்ளையாக ஒரு செவ்வகம்.

"எங்கம்மா மெஷின்?"

"நேத்து கழட்டிட்டேங்க. இது தறி மீட்டர்ல ஓடிச்சு. லைன் இழுத்தது நான்தான். இவங்களுக்கு அது தப்புன்னு தெரியாது, எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

ஃபைலைத் திறந்து டேப்பைக் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதைக் காட்டியிருக்க வேண்டாமே, கழற்றிவிட்டீர்கள், நான் கேட்டதற்கு வேறு காரணம் சொல்லியிருக்கலாமே என்றார். என் கையெழுத்து ஆச்சே என்றேன்.

தறிக்குப் பக்கத்தில் போனார். ஈரச் சாக்கு எதற்கு என்று கேட்டார். வரதன் அண்ணன் விளக்கினார். பாவு இழையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டுத் தொட்டார்.

முடிவு: நாலாவது வேலையைத் தாளில் அடித்தார். டெஸ்ட் ரிப்போர்ட் உள்ள வேறு ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும், ஒரு மாதம் கழித்து மறுபடி ஆய்வு. விண்ணப்பம் நிராகரிப்பு இல்லை, நிறுத்தி வைப்பு. மீட்டர் விஷயம் அவர் பிரிவு இல்லையாம். ஆனால் ஈ.பி.க்கு அவர்களே முந்தி எழுதிக் கொடுப்பது நல்லது என்றார்.

ஒரு மாதம். ஷோரூம் போச்சு.

மார்ச் 14, வெள்ளி

ஷோரூம் முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன், காரணத்தோடு. வருத்தப்பட்டார். திறப்பு நாள் குறித்தாகிவிட்டது, காத்திருக்க முடியாது. காஞ்சிபுரத்திலிருந்து வேறு ஆட்கள் வருகிறார்கள். வேலூர்க்காரர் போனில், என் கையெழுத்தில் இப்பவும் எடுத்துக்கலாம், முதலாளியிடம் நான் பேசுறேன் என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

அழுகை வரவில்லை. கோபம் வந்தது, என்மேல். பதினோரு வருஷத்தில் எவ்வளவு பெரிய வேலை. மூன்று மாடிக்கும் பைப் எங்கே போக வேண்டும் என்று கண்ணை மூடினாலும் தெரிகிறது. காஞ்சிபுரத்து ஆட்கள் அந்த மாடிப்படி மூலையில் கோட்டை விடுவார்கள், பார்க்கலாம்.

மார்ச் 20, வியாழன்

ஈ.பி.யில் எழுதிக் கொடுத்தோம், வரதன் அண்ணனும் நானும். இன்று உதவிப் பொறியாளர் வந்து பார்த்தார். மீட்டர் அட்டையை எடுத்து மூன்று வருஷ ரீடிங்கை விரலால் தடவிக்கொண்டே வந்தார். முதல் இரண்டு மாதம் மட்டும் ஏறியிருக்கிறது. அப்புறம் எல்லாம் தறிக்கு உள்ள அளவுதான்.

"ஏசி ஓடவே இல்லியே" என்றார், சந்தேகமாக.

லட்சுமி என்னைப் பார்த்தாள். நான் லட்சுமியைப் பார்த்தேன். ஓடாதுங்க என்றேன்.

அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் வித்தியாசம் போட்டார். சலுகைக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுத்தில் ஒரு எச்சரிக்கை. அந்தத் தொகையை நான் கட்டினேன். லட்சுமி முறைத்தாள். போகட்டும்.

என் மனசு நோகக் கூடாது என்று எனக்குச் சொல்லாமலே அவர்கள் அணைத்துவைத்திருந்த ஏசி, அவர்கள் தறியைக் காப்பாற்றிவிட்டது. இதை எத்தனை முறை யோசித்தாலும் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஈஸ்டர் ஆயிற்று, விரதம் முடிந்தது. எனவே தைரியமாக எழுதுகிறேன். மறு ஆய்வு பல் டாக்டர் கிளினிக், ஒரு குறை சொல்ல முடியவில்லை அவரால். இன்று உரிமம் வந்துவிட்டது. ஒப்பந்ததாரர்: எஸ். ஸ்டெல்லா, ஆரணி.

குமரேசன் அண்ணன் லேமினேட் செய்து தருகிறேன் என்றார். நானே செய்துகொள்கிறேன் என்றேன்.

மே 7, புதன்

கத்திரி. ரோட்டில் நாய்கூட இல்லை.

முதல் டெஸ்ட் ரிப்போர்ட். ஷோரூம் இல்லை, நகைக்கடை இல்லை. லட்சுமி வீடு, பின் அறை. மகள் பேரனோடு லீவுக்கு வருகிறாள். இந்த முறை வீட்டு மீட்டர், கூடுதல் லோடு, புது ஒயர், தனி எர்த். தறிக்கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் கதவு, கதவுக்கடியில் ரப்பர் பட்டை, காய்ந்த காற்று பாவுப் பக்கம் வராதபடி. வரதன் அண்ணன் மண்டியிட்டுக் கதவுக்கடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

அதே மெஷின்தான். மூன்று வருஷப் பழசு, புதுசு மாதிரி.

ஈ.பி. கவுன்ட்டரில் அதே அம்மா. கையெழுத்துப் போட்டேன். ஐந்தாவது மாதிரி வரவில்லை, கொஞ்சம் கோணல். அந்த அம்மா சீல் குத்தி வாங்கிக்கொண்டார்.

மே 22, வியாழன்

ஒன்பது சர்வீஸ். முதுகு விட்டுப்போச்சு. பத்தாவதுக்கு வண்டி எடுக்கும்போது லட்சுமி போன்.

"ஏய், ஃபில்டரு பூரா தூசிடி. காத்தே வரல. எப்ப வர்ற?"